காலம் கெட்டுப்போச்சு: ஸ்டீயரிங் விட்டு விட்டு இறுகுகிறது, ரேக்கை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா?

வளைவுப்பிரியன்

வணக்கம். என்னுடையது இரண்டு சீட் மட்டும் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் (பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம் திருப்ப உதவும் வகை). வயது 14, ஓடியது 90,000 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. மாடல் பெயரைப் போடவில்லை, போட்டால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பிவிடும்.

பிரச்சினை ஆறு மாதமாக இருக்கிறது. நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் ஒரு இடத்தில் இறுகும், அதைத் தாண்டினால் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் மறுபடி இறுகும். முதலில் டயரில் காற்று குறைவு என்று நினைத்தேன், இல்லை. வேகமாகப் போகும்போது இறுக்கம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் வீல் தானாக நடுவுக்கு வருவதில்லை, நான்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். நேர் சாலையில் கூட வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகரும், திருத்துவேன், அதிகமாகத் திருத்திவிடுவேன், மறுபக்கம் போகும். இந்த வண்டியை வாங்கியதே ஸ்டீயரிங்கில் சாலை கையில் பேசும் என்பதற்காகத்தான், இப்போது அது வாயை மூடிக்கொண்டது. மழையில் ஓட்டிவிட்டு இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம்.

இதுவரை செய்தது: ஆயில் மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், அலைன்மென்ட் இரண்டு முறை. எதுவும் மாறவில்லை. பட்டறையில் காட்டினேன். அவர்கள் ஸ்டீயரிங் காலத்தின் (column, வீலைத் தாங்கும் தண்டு) ஷாஃப்டை ரேக்கில் (சக்கரங்களை இடம் வலம் தள்ளும் பல்சட்டம்) இருந்து கழற்றிவிட்டு என் கண் முன்னாலேயே வீலைச் சுற்றிக் காட்டினார்கள், ஒரு விரலில் சுற்றியது. "பாருங்க சார், காலம் நல்லா இருக்கு, ரேக் போயிடுச்சு" என்றார்கள். கேட்டால் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ரேக்கில் ஒழுகல் இல்லை, அதன் ரப்பர் உறை (பூட்) கிழியவில்லை, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளிலும் ஆட்டம் இல்லை. செலவு பெரிது என்பதால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்கிறேன்.

கிரீஸ்கை

ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்.

முன்பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து (ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ போக வேண்டாம்), எஞ்சினை அணைத்து, சாவியைத் திருப்பி லாக்கை விடுவித்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை வீலை மெதுவாக, அவசரமே இல்லாமல் சுற்றுங்கள். முதல் இறுக்கம் வந்ததும் நிறுத்தி, அப்போது வீலின் உச்சியில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப். அடுத்த இறுக்கத்தில் உச்சியில் இன்னொரு டேப். அப்படியே போய்க்கொண்டே இருங்கள். மூன்றாவது இறுக்கம் வரும்போது உச்சிக்கு முதல் டேப்பே திரும்பி வந்து நிற்கிறதா, இல்லை புது இடமா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மொத்தம் எத்தனை இறுக்கம், கோடிக்குக் கோடி எத்தனை சுற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேக் கெட்டால் அந்த ரேக்கில் ஒரு இடம்தான் கெட்டிருக்கும், பெரும்பாலும் நடுவில், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க வண்டி நேராகத்தானே ஓடுகிறது. ஒரு கோடியில் இருந்து மறு கோடி போகும் வழியில் அந்த இடம் ஒரே ஒரு தடவைதான் வரும். மேலே ஸ்ட்ரட் பேரிங் (முன் சஸ்பென்ஷனின் தலையில் இருப்பது) இறுகியிருந்தால் இப்படி விட்டு விட்டு வராது, ஸ்பிரிங் முறுக்கியதுபோல இழுத்துப் பிடித்துத் திரும்பத் தள்ளும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வந்தால் அது யூ ஜாயின்ட் கிராஸ், அதாவது ஷாஃப்ட் வளைந்து போகும் இடத்தில் அதை மடங்க விடும் இணைப்பின் நடுவில் உள்ள சிலுவைத் துண்டு. கிராஸில் இரண்டு அச்சு. ஒரு அச்சு இறுகினால் ஒரு முழுச் சுற்றில் அந்த அச்சு இரண்டு முறை வேகமாக மடங்கும், அந்த இரண்டு இடத்தில்தான் கை கனக்கும்.

திருகாணி

இதெல்லாம் தேவையே இல்லை. ஹைட்ராலிக் வண்டியில் விட்டு விட்டு இறுகினால் பம்ப். என் பழைய வண்டியில் பார்த்திருக்கிறேன்.

கிரீஸ்கை

@திருகாணி பம்ப் ஓடுவது எஞ்சின் வேகத்துக்கு, வீலின் கோணத்துக்கு இல்லை. பம்ப் சோர்ந்தால் ஐடிலில் கனக்கும், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் லேசாகும். வீல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது பம்புக்குத் தெரியாது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சுற்றச் சொன்னதே அதற்காகத்தான், அப்போதும் அதே இடத்தில் இறுகினால் பம்ப் கேஸில் இருந்து விடுதலை.

வளைவுப்பிரியன்

எண்ணிவிட்டேன். கோடிக்குக் கோடி 2.6 சுற்று, இறுக்கம் ஐந்து. மூன்றாவது இறுக்கத்தில் முதல் டேப் உச்சிக்கு வந்து நின்றது, நான்காவதில் இரண்டாவது டேப். இரண்டு டேப்பும் நேர் எதிர் எதிரே. பார்த்ததும் கொஞ்சம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

சும்மா இருக்க மனம் வராமல், பயணப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை வீலின் விளிம்பில் மாட்டி இழுத்தும் பார்த்தேன், முன்சக்கரம் தூக்கிய நிலையில், எஞ்சின் அணைத்து. லேசான இடத்தில் 1.1 கிலோ, இறுகும் இடத்தில் 3.2 கிலோ.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு குழப்பம். பட்டறையில் கழற்றிக் காட்டியபோது காலம் ஒரு விரலில் சுற்றியதே? யூ ஜாயின்டும் அந்தக் காலத்தோடு சேர்ந்துதானே தொங்கியது? இறுகியிருந்தால் அப்போதும் இறுகியிருக்க வேண்டாமா?

கிரீஸ்கை

நல்ல கேள்வி. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் ஏமாந்தார். இந்த இடத்தில் நானும் ஒருமுறை ஏமாந்து, நன்றாக இருந்த ரேக்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவன்தான்.

யூ ஜாயின்டுக்கு வேலை இருப்பது வளைந்து நிற்கும்போது மட்டும். மேல் ஷாஃப்ட் ஒரு திசை, கீழே பினியன் (ரேக்கைத் தள்ளும் சின்னப் பல்சக்கரம்) வேறு திசை, இரண்டு முனையும் பிடித்துவைக்கப்பட்டிருப்பதால் சுற்றும்போது கிராஸ் இப்படியும் அப்படியும் மடங்கியே ஆக வேண்டும். அந்த மடங்கலில்தான் இறுக்கம் இருக்கிறது. கீழ் முனையை ரேக்கில் இருந்து கழற்றியதும் அதைப் பிடித்து வைப்பவர் யாரும் இல்லை. மடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இறுகிய ஜாயின்ட் இறுகிய நிலையிலேயே ஒரே துண்டாக ஷாஃப்ட்டோடு சுற்றிவிட்டுப் போகும், உங்கள் கைக்கு எதுவும் தெரியாது. ஆக, கோளாறை விடுவித்துவிட்டு சோதனை செய்தால் கோளாறு தெரியாது. பழி ரேக்குக்குப் போகும்.

அடுத்த முறை கழற்றும்போது ஒருவரை வீலைச் சுற்றச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே பாருங்கள். நல்ல ஜாயின்டாக இருந்தால் கீழ் யோக் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை) தன் கனத்தில் எப்போதும் பூமியைப் பார்த்தே தொங்கும், மேலே எவ்வளவு சுற்றினாலும். இறுகியிருந்தால் வளைந்த கோணத்திலேயே நின்று, முனை காற்றில் வட்டம் போடும். வட்டம் போட்டால் அத்தோடு தீர்ப்பு.

ரேக்கையும் அப்போதே விசாரித்துவிடலாம். ஷாஃப்ட் கழன்று இருக்கும்போது ஒரு முன்டயரை இரண்டு கையாலும் பிடித்துக் கோடிக்குக் கோடி மெதுவாகத் தள்ளுங்கள். ஆயில் பைப்புக்குள் நகரும் கனம் சீராக இருக்கும், அது சரி. இடையில் எங்கும் முட்டாமல் போனால் ரேக்கைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் உதவி செய்யும் வால்வு ரேக்கின் பினியனில், அதாவது ஜாயின்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஜாயின்டில் உள்ள உராய்வை பவர் ஸ்டீயரிங் பார்ப்பதே இல்லை, முழுக்க உங்கள் கைதான் சுமக்கிறது. அதனால் இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது. காலத்திலேயே மின்மோட்டார் வைத்த வண்டிகளில் மோட்டார் ஜாயின்டுக்கு மேலே இருக்கும், கீழ் ஜாயின்ட் இறுகினால் மோட்டார் தள்ளிச் சமாளித்துவிடும், வெளியே தெரிவதெல்லாம் வீல் நடுவுக்குத் திரும்பாதது மட்டும்தான். அந்த மக்கள் வருஷக்கணக்கில் அலைன்மென்ட்டுக்குக் காசு கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

மின்கம்பி

கழற்றுவதற்கு முன் நான் கொஞ்சம் கத்திவிட்டுப் போகிறேன்.

ரேக்கில் இருந்து ஷாஃப்டைக் கழற்றிவிட்டு வீலை இஷ்டத்துக்குச் சுற்றாதீர்கள். ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு, நாடா மாதிரித் தட்டையான வயர் சுருள், ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் வீலில் உள்ள பட்டன்களுக்கும் கரண்ட் அது வழியாகத்தான் போகிறது. நடுவில் இருந்து இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று, அவ்வளவுதான் அதற்கு நீளம். ரேக் இணைந்திருக்கும்வரை ரேக்கின் கோடி அதைக் காப்பாற்றுகிறது. கழற்றிவிட்டால் காவல் இல்லை. ஒரு சுற்று தவறி மாட்டினால் வண்டி நேராக ஓடும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், என்றைக்கோ ஒருநாள் முழுக் கோடிக்குத் திருப்பும்போது உள்ளே பட்டென்று அறுந்து ஏர்பேக் விளக்கு எரியும். கிரீஸ்கை சொன்ன வட்டச் சோதனைக்கு ஒரு சுற்று போதும், அதே அளவு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் சக்கரங்களை நேராக வைத்து, சீட் பெல்ட்டை வீலின் கம்பிக்குள் நுழைத்துப் பூட்டிவிடுங்கள், ரீல் பக்கம் இழுத்து ஒரு கிளிப் போட்டால் வீல் அசையாது. இதற்கென்று தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள், உங்கள் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதன்படி. ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி இருக்கிறது, பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் அதில் உயிர் இருக்கும். மஞ்சள் கனெக்டர் எதையும் மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பார்க்க வேண்டாம், மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டே ஆபத்து. ஷாஃப்ட் மட்டும் மாற்றுவதானால் ஏர்பேக்கைத் தொட வேண்டியதே இல்லை. எதற்காவது தொட நேர்ந்தால் மேஜையில் முகம் மேலே பார்க்க வையுங்கள், கவிழ்த்து வைத்தால் அது வெடிக்கும் நாளில் பெட்டியே கூரைக்குப் பறக்கும்.

காலத்தின் லாக் மின்சாரத்தில் இயங்கும் வகை என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே அதை விடுவித்துக்கொள்ளுங்கள். எனக்கு மறந்து, ஒரு மாலை முழுக்க வீணாய்ப் போனது.

ஓரமாப்போ

எதற்கு இவ்வளவு பாடு? துரு நீக்கும் ஸ்பிரே ஒரு டப்பா, ஜாயின்டில் நன்றாக அடித்து இருபது முறை வீலைத் திருப்பினால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். நான் செய்திருக்கிறேன். ரொம்பப் போய்விட்டால் கிராஸை மட்டும் தட்டி எடுத்துப் புதுசு போட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்.

கிரீஸ்கை

ஸ்பிரே விஷயம் பாதி உண்மை. அடித்தால் இறுக்கம் ஒரு வாரத்துக்குக் குறையும், அதனால் சோதனைக்கு நல்லது: அடித்த பிறகு தராசு வேறு எண் காட்டினால் கோளாறு ஜாயின்டில் என்பது உறுதி. மருந்தாக நினைத்தால் தப்பு. கிராஸின் நான்கு முனையிலும் கப்புக்குள் ஊசி பேரிங் இருக்கிறது, மிஞ்சியிருக்கும் கொஞ்ச கிரீஸையும் ஸ்பிரே கழுவிக்கொண்டு போய்விடும், அடுத்த மழைக்கு முன்னைவிட மோசமாக இறுகும். இப்போது இறுக்கம், அப்புறம் ஆட்டம், அதற்கு அப்புறம் நான் எழுத விரும்பவில்லை.

வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்டீயரிங் ஷாஃப்ட் வெறும் கம்பி இல்லை. முன்னால் மோதினால் மடங்கி உள்வாங்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், அந்த நாளைய வண்டிகளில் மோதலில் ஷாஃப்ட் ஈட்டி மாதிரி ஓட்டுநரின் மார்புக்கு வந்தது. அமெரிக்காவில் 1968 முதல் இதற்கு விதியே உண்டு, மணிக்கு சுமார் 48 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் காலம் பின்பக்கமாக 127 மில்லிமீட்டருக்கு மேல் வரக் கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பின்கள், நழுவும் குழாய்கள் எல்லாம் அதற்காகத்தான். சுத்தியலால் ஷாஃப்டின் தலையில் ஓங்கி அடித்தாலும் அந்தப் பிளாஸ்டிக் பின் உடையும், வெளியே ஒன்றும் தெரியாது. யோக் ஸ்பிளைனில் (ஷாஃப்ட் முனையைச் சுற்றியுள்ள பல்வரிசை) இருந்து வர மறுத்தால் அடிக்காதீர்கள், போல்டை முழுக்க எடுத்துவிட்டு, யோக்கின் பிளவில் பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு மயிரிழை அகலப்படுத்தினால் வழுக்கி வரும்.

ஓரமாப்போ

சரி அண்ணே, வெல்டிங் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஸ்பிரேயை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் 🙂

வளைவுப்பிரியன்

கழற்றியாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மேல் ஜாயின்ட் பெடல்களுக்கு மேலே, உள்ளேயே இருக்கிறது, சுத்தமாக இருந்தது. கீழ் ஜாயின்ட் ஃபயர்வாலைத் தாண்டி எஞ்சின் பக்கம், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து ஒரு சாண் தூரம். போனெட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்று எஞ்சினை உள்ளே தள்ளியிருக்கிறார்கள், ஷாஃப்ட் அந்தச் சந்தில் நெளிந்து போகிறது. வெப்பத்தகடு ஒன்று இருந்திருக்க வேண்டும், இரண்டு திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது, தகடு இல்லை. முன்பு யாரோ எதற்கோ கழற்றி, மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். சூடு கிரீஸை உலர்த்தியது, சக்கரம் வாரி இறைத்த தண்ணீர் மிச்ச வேலையைப் பார்த்தது.

தம்பியை வீலைச் சுற்றச் சொல்லிவிட்டு டார்ச்சோடு கீழே படுத்தேன். யோக் வட்டம் போட்டது! தொங்கவே இல்லை, கோணலாக நின்றபடியே சுற்றியது. பட்டறையில் அன்றைக்கும் இப்படித்தான் சுற்றியிருக்கும், நாங்கள் எல்லாரும் மேலே வீலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு அச்சில் யோக் தன் கனத்தாலேயே சரிந்து விழுகிறது. மறு அச்சில் எங்கே வைத்தேனோ அங்கேயே நிற்கிறது, பலம் கொடுத்தால் சின்னச் சின்னப் படிகளாக நகர்கிறது, ஒவ்வொரு படியிலும் விரலுக்கு ஒரு கிர்ர். ஊசிகள் கப்பில் பள்ளம் பதித்துவிட்டன போல. சீல் ஓரத்தில் குங்குமம் மாதிரிச் சிவப்புத் தூள். டயரைத் தள்ளி ரேக்கையும் பார்த்தேன், கோடிக்குக் கோடி சீராகப் போனது.

கிராஸ் தனியாகக் கிடைக்காது, கப்புகளை யோக்கில் அழுத்தி ஓரத்தை நசுக்கிவிட்டிருக்கிறார்கள். இரண்டு ஜாயின்டும் சேர்ந்த இடைஷாஃப்ட் முழுதாகப் புதிது சொல்லியிருக்கிறேன். வெப்பத்தகடும் சேர்த்து.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிரீஸ்கை

மூன்று விஷயம்.

பிஞ்ச் போல்ட் (யோக்கை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) போகும் இடத்தில் ஷாஃப்டில் ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். யோக் முழுக்க உட்காரவில்லை என்றால் போல்ட் நுழையாது. கையால் நுழைய வேண்டும். கையால் போகாத போல்டை ஸ்பானர் போட்டு இழுக்கிறீர்கள் என்றால் எங்கோ தப்பு நடக்கிறது, நிறுத்துங்கள். பழைய போல்டைத் திரும்பப் போடாதீர்கள், எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள், இன்னொரு வண்டியின் எண்ணை இங்கே யாராவது சொன்னால் (நான் சொன்னாலும்) கேட்காதீர்கள்.

இரண்டாவது, இடைஷாஃப்ட் நடுவில் நழுவி நீளும் வகை. நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள். பிரிந்துவிட்டால் இரண்டு யோக்கும் முன்பிருந்த அதே கோண உறவில் சேர வேண்டும். ஒற்றை யூ ஜாயின்ட் சீராகச் சுற்றாது, 30 டிகிரி வளைவில் மேலே ஒரே வேகத்தில் சுற்றினாலும் கீழே 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது, இன்றைக்கும் அதை ஹூக் ஜாயின்ட் என்று சொல்வோர் உண்டு. இரண்டாவது ஜாயின்ட் முதலாவதின் ஏற்ற இறக்கத்தை எதிராகச் செய்து சமன் செய்கிறது. யோக்குகள் 90 டிகிரி தப்பினால் சமன் செய்யாது, இரட்டிப்பாக்கும். அப்போது வீல் எங்கும் இறுகாது, ஆனால் ஒரு இடத்தில் வண்டி சுருக்கென்று திரும்பும், இன்னொரு இடத்தில் சோம்பலாகத் திரும்பும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆறு மாதம் ஆகும்.

மூன்றாவது, கழற்றும்போது பெயின்ட் குறி வைத்தீர்கள்தானே?

வளைவுப்பிரியன்

வைத்தேன்... பழைய ஷாஃப்டில் 😬 புதியதில் குறி எங்கே இருக்கும்.

கிரீஸ்கை

பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்க வைத்து, பிளவு எந்தத் திசை பார்க்கிறது என்று ஒப்பிட்டுக் குறியைப் பெயர்த்து எழுதுங்கள். பதற வேண்டாம்.

நெடுஞ்சாலை_இரவு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் இறுக்கம் எதுவும் இல்லை, ஆனால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கில் டொக் டொக் என்று தட்டுகிறது, சத்தம் கேட்பதைவிடக் கையில்தான் அதிகம் தெரிகிறது. இதுவும் யூ ஜாயின்ட் தானா?

கிரீஸ்கை

இருக்கலாம், ஆனால் வேறு மூன்று பேர் மீதும் சந்தேகம் வரும். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் அணைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை இடதும் வலதுமாக இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வேகமாக ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு இணைப்பின் மேலும் உள்ளங்கையை வையுங்கள், கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். மேல் பாதி நகர்ந்து கீழ் பாதி ஒரு நொடி தாமதித்து நகரும் இடம்தான் குற்றவாளி. கிராஸ், நழுவும் ஸ்பிளைன், தளர்ந்த பிஞ்ச் போல்ட், ரேக்கை பிரேமில் பிடிக்கும் ரப்பர் புஷ், இந்த நான்கில் ஒன்று. வீலைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், அதில் ஆட்டம் இருந்தால் காலத்தின் பேரிங் அல்லது உயரம் மாற்றும் நெம்புகோலின் பிடி. பிஞ்ச் போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள், ஸ்பிளைன் தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை வண்டி நிற்கட்டும்.

பழைய வண்டி என்றால் யூ ஜாயின்டுக்குப் பதிலாக வட்ட ரப்பர் தட்டு இணைப்பாக இருக்கலாம், ரப்பரில் வெடிப்பு தெரிகிறதா பாருங்கள்.

நெடுஞ்சாலை_இரவு

ரப்பர் தட்டேதான், போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடித்திருக்கிறது. நன்றி. பாலியூரித்தேன் போட்டால் நல்லது என்கிறார்களே?

கிரீஸ்கை

திருப்பும்போது கூர்மை கூடும், சாலையின் அதிர்வும் முழுசாகக் கைக்கு வரும். ரேஸ் டிராக்குக்குச் சரி, தினம் ஓட்டினால் எனக்குப் பிடிக்காது. உங்கள் கை, உங்கள் இஷ்டம்.

வளைவுப்பிரியன்

மாட்டிவிட்டேன், ஓட்டியும் பார்த்தேன். இறுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. தராசில் கோடிக்குக் கோடி 1.0, 1.1, அதற்கு மேல் போகவே இல்லை.

ஆனால் நேராக ஓடும்போது வீல் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, பத்து டிகிரி இருக்கும். ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) விளக்கும் எரிகிறது. அலைன்மென்ட் கடைக்குப் போய் டை ராடில் சரிசெய்துவிடவா?

கிரீஸ்கை

வேண்டாம்! குறியைப் பெயர்த்து எழுதியதில் ஒரு பல் தப்பியிருக்கிறீர்கள். 36 பல் உள்ள ஸ்பிளைன் என்றால் ஒரு பல் சரியாக 10 டிகிரி, உங்கள் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. டை ராடில் திருத்தினால் வீல் நேராகத் தெரியும், ரேக் நடுவில் இருந்து தள்ளி நிற்கும், ஒரு பக்கம் அதிகம் திரும்பும், மறுபக்கம் குறையும், கோண சென்சாரும் உங்களை நம்பாது. கீழ் யோக்கைக் கழற்றி ஒரு பல் நகர்த்துங்கள். புது போல்ட் இன்னொன்று வாங்க வேண்டும், அதை என் கணக்கில் திட்டிக்கொள்ளுங்கள்.

மின்கம்பி

அப்புறம் ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடு எது என்று கற்றுக்கொடுக்க வேண்டும், சில வண்டிகளில் கோடிக்குக் கோடி திருப்பிக் கொஞ்சம் நேராக ஓட்டினாலே கற்றுக்கொள்ளும். சக்கரம் நேராக, வீல் நேராக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பல்லை நகர்த்தும்போது சீட் பெல்ட்டை மறக்க வேண்டாம்.

வளைவுப்பிரியன்

ஒரு பல் நகர்த்தினேன், வீல் நேராக வந்துவிட்டது. ஸ்கேனரில் நடுவைப் பதிந்ததும் விளக்கு அணைந்தது. வெப்பத்தகடும் மாட்டியாகிவிட்டது.

நேற்று மாலை வளைவுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வளைவில் இருந்து வெளியே வரும்போது கையைத் தளர்த்தினால் வீல் விரல்களுக்கு நடுவில் வழுக்கித் தானாக நடுவுக்கு வருகிறது. இந்த வண்டி இப்படித்தான் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் கையும் பழகிவிட்டது போல. பட்டறைக்காரரிடம் பழைய ஷாஃப்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு அச்சையும் மடக்கிப் பார்த்துவிட்டு, அதைக் கடையிலேயே வைத்துக்கொள்ளவா என்று கேட்டார், வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்ட. கொடுத்துவிட்டேன்.

திருகாணி

பம்ப் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். போல்டில் குறி வைத்தீர்களா?

வளைவுப்பிரியன்

இரண்டு போல்டிலும் யோக்கோடு சேர்த்து வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். 500 கி.மீ. ஆனதும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வளைவுப்பிரியன்

520 கி.மீ. இரண்டு கோடும் நகரவில்லை. வீலில் ஒட்டிய டேப் இரண்டையும் இன்றைக்குத்தான் பிய்த்தேன், பசை போகவில்லை, எதில் துடைப்பது?

ஓரமாப்போ

துரு நீக்கும் ஸ்பிரே 🙂